தனியாக வருபவருக்கு அறை இல்லை

ஆற்றங்கரை மடத்துக்குத் தங்கும் விடுதி ஒன்று உண்டு. அதன் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது சீடர் பொன்னம்பலத்தின் வேலை. ஊரில் கணினியைக் கட்டிக்கொண்டு அழுதது போதாதென்று, காவி கட்டிய பிறகும் அவருக்குக் கணினிதான் வாய்த்தது.

குரு வயதில் அவரைவிட இளையவர். ஒருநாள் சொன்னார்:

"இணையப் பக்கத்துல இருக்கிற ஒவ்வொரு விதிக்கும் ஒரு இணைப்பு கொடுங்க. தொட்டா, அந்த விதி எந்த ஆவணத்திலேர்ந்து வந்ததோ அது திறக்கணும். யார் கைப்பேசியிலயும் திறக்கணும்."

பொன்னம்பலம் மடத்தின் பழைய தீர்மானங்களையெல்லாம் படம் எடுத்து ஏற்றினார். அன்னதான நேரத்துக்கு ஆவணம் கிடைத்தது. செருப்பு விடும் இடத்துக்குக்கூடக் கிடைத்தது. ஒரே ஒரு விதிக்குத்தான் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

அன்று மாலை விடுதி வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். கையில் துணி சுற்றிய கலயம்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்றார் பொன்னம்பலம்.

"கூட வரவேண்டியவரு இதுக்குள்ள சாம்பலா இருக்காரு சாமி. காலையில ஆத்துல கரைக்கணும்."

"தனியா வர்றவங்களுக்கு அறை இல்லம்மா. விதி அப்படி."

அந்த அம்மாள் வாசல் பெஞ்சில் போய், கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பொன்னம்பலம் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குரு உள்ளே வந்தார். "அந்த விதி எங்கேர்ந்து வந்தது?"

"பழைய பக்கத்துலேர்ந்து எடுத்தேன் சாமி."

"அதுக்கு முன்னாடி?"

"வாசல் பலகையில இருந்ததாம்."

"பலகைக்கு?"

"அக்கம்பக்கத்து லாட்ஜ்ல எல்லாம் அப்படித்தானாம். தனியா வர்றவங்க அறைக்குள்ள ஏதாவது பண்ணிக்கிட்டா..."

"அந்தப் பயத்துல அவங்களை வெளியில தனியா விட்டுட்டோம்."

பொன்னம்பலம் தலை குனிந்தார். "இதுக்கு ஆவணமே இல்ல சாமி. இணைப்பை எங்கே கொடுக்கிறது?"

"அந்த அம்மாகிட்ட விதியைச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்போ உங்க பெயருக்குக் கொடுங்க."

கொடுத்தார். விதியைத் தொட்டதும் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. அதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. தன் பெயரை அப்படித் துணையில்லாமல் அவர் பார்த்ததே இல்லை.

"விதியை அழிச்சிடட்டுமா சாமி?"

"அழிச்சிட்டா, அவங்களை வெளியில உட்கார வச்சது யாருன்னு தெரியாமலே போயிடும். முதல்ல அந்தப் பெயரை அவங்ககிட்ட காட்டுங்க. அப்புறம் சாவியைக் கொடுங்க."