மழைக்குப் போட்ட தாழ்ப்பாள்

மனசு வைத்தியம் பாக்கற ஆராவமுதனுக்கு ஒரு சீடர். பேரு சொர்ணவேலு, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. வாத்தியாரைவிட மூத்தவரு. ஆயுசு பூரா "உள்ள போ, உள்ள போ"ன்னு கத்தின வாயை மூடிக்கிட்டு, அடுத்தவங்க பேசறதைக் கேக்கக் கத்துக்கறதுக்குள்ள மனுசனுக்கு நாக்கு தள்ளிப்போச்சு.

அங்க ஒரு வழக்கம். வந்தவங்க நாற்காலி கதவுப் பக்கம், வைத்தியர் நாற்காலி சுவத்துப் பக்கம். புடிக்கலன்னா வந்தவங்க யாரையும் தாண்டாம எழுந்து போயிறலாம்.

ஒரு நாள் வாத்தியார் வெளிய போயிருந்தப்ப தில்லைநாயகி வந்தாங்க. அவருகிட்ட வைத்தியம் பாத்துக்கிட்டிருந்த அம்மா. உக்காரல.

"போன தடவை நான் கெளம்பறேன்னு எழுந்தேன். உங்க வாத்தியாரு எனக்கு முன்னாடி போய் தாழ்ப்பாள் போட்டுட்டு, 'உக்காருங்க, பேசி முடிச்சுட்டுப் போலாம்'னாரு. எனக்கு உயிரே போயிருச்சு. இதை யாருகிட்ட சொல்லணும்?"

சொர்ணவேலு கத்துக்கிட்டதையெல்லாம் ஒண்ணாத் திரட்டி, குரலை அல்வா மாதிரி ஆக்கிக்கிட்டாரு.

"ஏம்மா, சின்ன வயசுல உங்களை யாராச்சும் ரூம்ல போட்டுப் பூட்டினாங்களா? அந்தப் பயம்தான் இப்ப..."

அந்தம்மா அவரை ஒரு பார்வை பாத்தாங்க. செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டாங்க.

வாத்தியார் வந்ததும் நம்மாளு நெஞ்சை நிமுத்திக்கிட்டு எல்லாத்தையும் சொன்னாரு.

"பேசறது அவங்க இல்ல, நோயின்னு டக்குனு புடிச்சிட்டேன் வாத்தியாரே."

ஆராவமுதன் காபி டம்ளரைக் கீழ வெச்சாரு.

"அண்ணே, டிரைவர் தாறுமாறா ஓட்டறாருன்னு பஸ்ல ஒரு அம்மா சொன்னா, 'உங்களுக்குத் தலைசுத்தல் உண்டா'ன்னா கேப்பீங்க?"

"டிரைவர் நம்மாளாச்சே. கேட்டாலும் கேப்பேன்."

வாத்தியார் சிரிக்கல.

"தாழ்ப்பாள் போட்டது நெஜம்தாண்ணே."

சொர்ணவேலு கதவுத் தாழ்ப்பாளைத் திரும்பிப் பாத்தாரு.

"சாரல் அடிச்சுது. அதுக்காகப் போட்டதாத்தான் எனக்கு ஞாபகம்."

"அப்பாடா! மழை பேஞ்சது ஊருக்கே தெரியும். அதைச் சொல்லி முடிச்சிருவோம்."

"உக்காருங்கன்னும் சொன்னேனே. அது எந்த மழைக்கு?"

வாத்தியார் போனை எடுத்தாரு.

"ராஜபுஷ்பம் மேடம், என்மேல ஒரு புகார் வந்திருக்கு. நீங்க விசாரிக்கணும்."

"அந்த வைத்தியரம்மாவா?" சொர்ணவேலு தலையில கை வெச்சாரு. "உங்க பேரைக் கேட்டாலே பச்சமொளகா கடிச்ச மாதிரி ஆவாங்களே! மேடையிலயே உங்களை உரிச்சு உப்புக்கண்டம் போட்டவங்க!"

"அவங்கதான் எனக்காகப் பூசி மெழுக மாட்டாங்க."

ஆராவமுதன் வெளிய வந்தாரு. வராண்டாவுல காத்திருந்தவங்க முன்னாடி நின்னாரு.

"என்மேல ஒரு புகார். விசாரிச்சு முடியற வரைக்கும் நான் யாருக்கும் வைத்தியம் பாக்கல. வேற நல்லவங்ககிட்ட அனுப்பி வைக்கறேன். மன்னிச்சுக்கங்க."

சொர்ணவேலுக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. டிக்கெட் இல்லாம சீட்டுக்கடியில பதுங்கினவனைப் பாத்திருக்காரு. ஓடற பஸ்ல இருந்து குதிச்சவனையும் பாத்திருக்காரு. செக்கரைத் தானே கை காட்டி நிறுத்தி ஏத்தின ஆளை இப்பத்தான் பாக்கறாரு.

"ஒருத்தி சொன்னதுக்காக இத்தனை வருசப் பேரை நடுத்தெருவுல போடறீங்களே வாத்தியாரே."

"நோயின்னு நாம ஒரு வார்த்தை சொல்லிட்டா, இனிமே இந்த ஊர்ல அவங்க எதைச் சொன்னாலும் நோய்தாண்ணே. புருசன் அடிச்சான்னு சொன்னாலும் நோய். கடைக்காரன் ஏமாத்தினான்னாலும் நோய். அப்புறம் அவங்க எங்க போய்ச் சொல்லுவாங்க?"

சொர்ணவேலு துண்டை உதறித் தோள்ல போட்டாரு.

"நானே அவங்க வீட்டுக்குப் போறேன். எங்க வாத்தியாரு சொக்கத்தங்கம்னு நாலு வார்த்தை..."

"அது வேணாம். நீங்க பேசினதுக்கு மன்னிப்புக் கேளுங்க. ராஜபுஷ்பம் மேடம் விலாசத்தைக் குடுங்க. திரும்பி வந்துருங்க."

படிக்கட்டு வரைக்கும் போன சொர்ணவேலுக்குக் கால் நகரல. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"ஊருக்குச் சொல்ல வேணாம் வாத்தியாரே. எனக்கு மட்டும் சொல்லுங்க. நீங்க தப்புப் பண்ணல, அப்படித்தானே?"

ஆராவமுதன் ராஜபுஷ்பம் விலாசத்தை ஒரு சீட்டுல எழுதி அவரு கையில குடுத்தாரு.

"நான் சொல்லிட்டேன்னா, அப்புறம் அவங்க சொல்றது உங்க காதுல விழாதுண்ணே."