ஃபிரிட்ஜுக்கு வந்த நரம்புத் தளர்ச்சி

பல்பு மாட்டவே நாற்காலியைப் பிடிக்க ஆள் கூப்பிடும் வீரன் நான். என் வீட்டு ஃபிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடித்தது.

"எர்த் சரியில்லை சார்" என்று வீட்டுக்காரர் வைத்தமாநிதியிடம் முறையிட்டேன். ரிட்டயர்டான எலெக்ட்ரிகல் எஞ்சினியர். மாடியிலிருந்து தடித்த ரப்பர் செருப்போடே இறங்கி வந்தார். ஃபிரிட்ஜைத் தடவிவிட்டுச் சிரித்தார்.

"எர்த் நான் கூட நின்னு போட்டது. உமக்குத்தான் நரம்புத் தளர்ச்சி. டாக்டரைப் பாரும், இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணும்."

என் நரம்பை நானே நம்பியதில்லை. ஆனால் வெறுங்காலோடு நின்ற என் கண், அவர் செருப்பில் விழுந்தது.

"சாமி விளக்கு எரியுது சார். செருப்பை மட்டும்..." என்று இழுத்தேன்.

"அடடா!" என்று வாசலில் கழற்றிவிட்டு வந்தார். "இப்பவும் பாரும்" என்று மறுபடி தொட்டார். அலறிய அலறலில் சாமி விளக்கே அணைந்துபோனது.

"டாக்டர்கிட்ட சேர்ந்தே போயிடலாமா சார்?" என்றேன், நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தபடி.