ரெண்டு ரோசாவுக்கும் ஒரே நாரு

"கையெழுத்துதானே? போடுறேன், உக்காருங்கய்யா. அதுக்கு முந்தி ஒரு சங்கதி கேளுங்க" என்று ரோசாக் கூடையைத் தள்ளி வைத்தார் பூக்கடை பெத்தணன்.

அவருக்கும் அவர் அண்ணன் சடையாண்டிக்கும் கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று தகராறு. பதினோரு வருசமாகத் தேர் நகரவில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கட்டலாம் என்று ஊர்க்காரர்கள் நாங்கள் காகிதம் எழுதி, அண்ணனிடம் காலையிலேயே கையெழுத்து வாங்கிவிட்டோம். தம்பிதான் பாக்கி.

"இங்கிலாந்துல முன்னால ஒரு ராச வம்சம். ஒரே தாத்தா வழியில ரெண்டு வகையறா. லங்காஸ்டர்க்காரனுக்குச் செவப்பு ரோசா, யார்க்குக்காரனுக்கு வெள்ளை ரோசா. கிரீடம் எனக்கு ஒனக்குன்னு முப்பது வருசம் வெட்டிக்கிட்டானுங்க. ரெண்டு பயலுக்கும் பூ அனுப்புனது யாரு? எங்க பாட்டனுக்குப் பாட்டன்! நம்ம நிலக்கோட்டைப் பூவுய்யா."

"போய்ச் சேருறதுக்குள்ள வாடிராதா?" என்றாள் பூக்கட்டும் ஒச்சம்மா, கையை நிறுத்தாமல்.

"அந்தக் காலத்துப் பூவு வாடாது தாயி. ஒவ்வொண்ணும் உரல் தண்டி பெருசு. முள்ளைப் பிடுங்கித்தான் ஈட்டி செஞ்சானுங்க. கடைசிச் சண்டையில ராசா செத்து, கிரீடம் முள்ளுப் புதருக்குள்ள உருண்டுருச்சு. அம்புட்டுப் பட்டாளமும் பயந்து நிக்குது. நான் விட்டேன் பாருங்க கைய!"

"நீங்களா? பாட்டன்னு சொன்னீக?" என்றான் எங்களோடு வந்த இளவட்டம்.

"ரத்தம் ஒண்ணுதானப்பா, குறுக்க பேசாத! என் தலையில வச்சுப் பாத்தேன். லொடலொடன்னு இருந்துச்சு. தொலையுதுன்னு பக்கத்துல நின்ன செவப்புக் கட்சிக்காரன் தலையில வச்சேன். அவன்தான் ராசா! வெள்ளை ரோசாக்காரன் மறுபடி வாளை உருவிட்டான். எடுத்தேன் வாழைநாரை. லண்டன்லருந்து யார்க் வரைக்கும் செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணுன்னு ஒரே மாலையாக் கட்டி, ரெண்டு பட்டாளத்தையும் சேத்துச் சுத்திப்புட்டேன். அந்த வீட்டுப் பொண்ணை இந்த வீட்டு மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சு, பந்தி போட்டப்புறம்தான் அவுத்து விட்டேன்."

"பங்காளிக்குள்ள எப்படிப் பொண்ணு குடுப்பாக? அண்ணன் தங்கச்சி முறையாச்சே?" என்றாள் ஒச்சம்மா.

"நான் அதட்டுன அதட்டுல அது மாமன் மச்சான் முறையா மாறிப்போச்சு! 'ஒரே தாத்தா பேரனுகளுக்குள்ள முன்ன என்னடா, பின்ன என்னடா, வெக்கமா இல்ல?'ன்னேன். ரெண்டு கட்சியும் தேம்பித் தேம்பி அழுதுச்சு."

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. காகிதத்தை நீட்டினேன். பெத்தணன் பேனாவைத் திறந்தார். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். முகம் கறுத்தது.

"எனக்கு மேல அவன் பேரா? இதுல போட நான் என்ன கேனப்பயலா?" காகிதம் நாலாகக் கிழிந்து கூடைக்குள் விழுந்தது.

ஒச்சம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எந்திரிச்சுப் போங்கய்யா. அந்த ராசாக்களுக்கே முப்பது வருசம் ஆச்சாம். நம்ம தேருக்கு இன்னும் பத்தொம்பது கிடக்கு."