மணலுக்குள் ஒரு கம்மல்

"தாயி, இந்த மெஷின் என்கிட்ட பேச மாட்டேங்குது."

வந்ததும் வராததுமாய் சிவசைலம் சொன்னார்.

ரெஜினா மணலில் முட்டி போட்டுத் தோண்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

பகலில் அவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். சாயங்காலம் ஆனால் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடுவாள். கோயிலுக்கு வந்து கடலில் குளிக்கிறவர்கள் தொலைத்த மோதிரம், மெட்டி, குழந்தையின் அரைஞாண், எது என்றாலும் தேடிக் கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். சும்மா ஒரு பொழுதுபோக்கு என்பாள்.

சிவசைலம் அவளைவிட முப்பது வயது மூத்தவர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக ஒரு மெஷின் வாங்கிக்கொண்டு வந்து, "எனக்கும் கத்துக் குடு தாயி" என்று அவள் முன்னால் நின்றார். அதாயிற்று நாலு மாசம்.

"என்ன தேடுதீய அண்ணாச்சி?"

இத்தனை நாளில் அவள் இதைக் கேட்டது இன்றைக்குத்தான்.

"என் மக கம்மல். ஒத்தக் கம்மல். ஆறு வயசுல இங்க குளிக்கும்போது விழுந்துட்டு. அன்னைக்கு ராத்திரி பூரா அழுதா."

"மக இப்ப எங்க?"

"திருப்பூர்ல. தானா ஒரு பையனப் பாத்துக் கட்டிக்கிட்டா. நான் கல்யாணத்துக்குப் போகல. ஒம்பது வருசமாப் பேச்சில்ல."

"போய்ப் பாக்க வேண்டியதுதான?"

"வெறுங்கையோட எப்படித் தாயி போக?"

ரெஜினா குழியை மூடினாள். கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நடந்து காட்டுங்க."

அவர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, மெஷினின் வட்டத் தட்டை மணல்மேல் இப்படியும் அப்படியும் வீசி நடந்தார்.

சுக்குக்காப்பி விற்கிறவன் சைக்கிளை நிறுத்தினான். "என்ன அண்ணாச்சி, மணலுக்கு இஸ்திரி போடுதீயளா? மடிப்பு நல்லா எடுங்க!"

"போடா, உன் சட்டையக் கொண்டா, அதையும் போட்டுத் தாரேன்."

ரெஜினா சிரிக்கவில்லை. மெஷினில் இருந்த குமிழைப் பார்த்தாள்.

"இத ஏன் இம்புட்டுத் திருப்பி வச்சிருக்கீய?"

"குப்பைச் சத்தத்த எல்லாம் அடக்கி வச்சிருக்கேன். பாக்குத் தாளு, மாத்திரை அட்டை, சோடா மூடி, எல்லாத்துக்கும் கத்துது. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு. தங்கத்துக்கு மட்டும் கத்துனாப் போதும்னு…"

அவள் தன் காதிலிருந்து ஒரு கம்மலைக் கழற்றினாள். மணலில் வைத்தாள்.

"ஓட்டுங்க."

ஓட்டினார். சத்தம் இல்லை.

"இன்னொரு தடவ."

சத்தம் இல்லை.

பைக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒரு முழம் தள்ளி வைத்தாள். எல்லாச் சத்தமும் கேட்கும்படி குமிழைத் திருப்பினாள்.

"இப்ப ஓட்டுங்க. கண்ண மூடிக்கிட்டு."

அட்டையின்மேல் போனபோது கீச்சென்றது. கம்மலின்மேல் போனபோதும் கீச்சென்றது.

"எது எது?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் கம்மலை ஊதி மாட்டிக்கொண்டாள்.

சிவசைலம் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப… நாலு மாசமா அதுமேலயே நடந்திருப்பேனோ?"

"நடந்திருக்கலாம்."

"கீழ கிடந்து கூப்பிட்டிருக்குமோ?"

 ரெஜினா தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு தன் வழியே போனாள்.

மறுநாளிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் அவர் குனிந்தார்.

சத்தம் வந்ததும் முட்டி போடுவார். கையாலேயே தோண்டுவார். வரும், ஒரு பாக்குத் தாள். பையில் போட்டுக்கொள்வார். குழியை மூடுவார். நாலு அடி போனால் மறுபடி சத்தம். மறுபடி முட்டி போடுவார். கொண்டை ஊசி. ஆணி. செருப்பு வார். ஒரு கொலுசு மணி. அந்த மணியை மட்டும் கொஞ்ச நேரம் காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"என் மக தோசைய ஓரத்துல இருந்துதான் தின்பா தாயி" என்பார் தோண்டும்போது. "நடுவுல உள்ளது எனக்கு."

ரெஜினா கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு மாசம் இப்படியே போனது. அதற்குப் பிறகு ஒருநாள் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

"தாயி! தாயி! கிடைச்சிட்டு!"

உள்ளங்கையில் ஒரு கம்மல். மிளகு அளவு. நடுவில் சிவப்புக் கல்.

சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது.

"என்ன அண்ணாச்சி?"

"அவளுதுல கல்லு சேப்பா, வெள்ளையா… நெனப்பு வரமாட்டேங்குது. அவ அம்மா உயிரோட இருந்தாச் சொல்லிருப்பா." கம்மலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீ சொல்லு தாயி. இது என் மகளுதுதானா?"

"நான் எப்படிச் சொல்ல?"

"பின்ன யாருகிட்ட கேக்க?"

ரெஜினா அவரையே பார்த்தாள். அவர் தலையைக் குனிகிறவரைக்கும் பார்த்தாள். பிறகு அவர் தோளில் தொங்கிய மெஷினைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"திருப்பூர் பஸ் எத்தன மணிக்கு?"

"ஏழரைக்கு ஒண்ணு, ஒம்பதே காலுக்கு ஒண்ணு" என்றார் அவர். யோசிக்கவே இல்லை.

"ஏழரைக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.

விடிந்தபோது திருப்பூரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்.

மகள்தான் திறந்தாள். நெற்றியோரம் ஒரு முடி நரைத்திருந்தது.  பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த எதுவும் அவர் வாயில் வரவில்லை.

கையை நீட்டினார்.

"இது உன்னோடதா பாரு."

அவள் கம்மலை எடுத்தாள். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இல்லப்பா. என்னோடது கல்லு வைக்காதது."

அவர் தலையை ஆட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அவள் இன்னும் அந்தக் கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்" என்றாள். "இதுக்கு எந்தப் பிள்ள என்னைய மாதிரி அடி வாங்குச்சோ."