பதினேழாம் எண்ணின் புருவம்

வேதமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயதில்தான் குரு வாய்த்தாள். குருவுக்கு முப்பத்தெட்டு. பெயர் டெல்பின். துறைமுக ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனையில், பேர் ஊர் தெரியாமல் வந்து சேரும் பிணங்களைப் படமெடுத்து வைப்பது அவள் வேலை. முப்பது வருஷம் கல்யாண ஆல்பம் போட்டுக்கொடுத்த மனிதர், ஸ்டுடியோவை மகனிடம் விட்டுவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்திருந்தார்.

அவள் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். மூலப்படத்தைத் தொடக் கூடாது. நகலில் எதைச் செய்தாலும் நோட்டில் எழுத வேண்டும். வெளிச்சம் கூட்டினாலும் சரி, ஓரம் வெட்டினாலும் சரி.

வேதமுத்துவுக்குச் சலிப்பாக இருந்தது.

"யாரு மேடம் இதைப் படிக்கப்போறா? செத்தவனுக்கு எதுக்கு ஜாதகம்?"

டெல்பின் பேனாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஆடி மாதம் கடல் ஒருவனைக் கரையில் போட்டது. உடம்பில் சட்டை இல்லை, முகம் ஊதிக் கிடந்தது. பதினேழாம் எண். தேடி ஒருவரும் வரவில்லை. காத்திருக்க வேண்டிய நாள்வரை காத்திருந்துவிட்டு, நகராட்சி ஆட்கள் புதைத்து எண் கல் நட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து லூர்தம்மாள் வந்தாள். கடலுக்குப் போன புருஷனைத் தேடி ஊர் ஊராக அலைகிறவள். டெல்பின் அப்போது அறையில் இல்லை. பதிவேட்டில் கைநாட்டு வைத்துவிட்டு, வேதமுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிய படங்களைப் பார்த்தாள். பதினேழில் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஜாடை இருக்கு அண்ணாச்சி. ஆனா அவருக்கு இடது புருவம் ரெண்டா பொளந்திருக்கும். தூண்டில் முள்ளு இழுத்தது. இவருக்கு முழுசால்லா இருக்கு!"

அழுதுகொண்டே சிரித்தாள்.

"அவரு இல்ல. மாதாவே, அவரு இல்ல. எங்கயோ கரையேறியிருக்காரு. நான் தினமும் அவருக்கும் சேத்துத்தான் உலை வைக்கேன் அண்ணாச்சி."

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

வேதமுத்து பதினேழாம் படத்தையே திரும்பப் பார்த்தார். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். எத்தனை மாப்பிள்ளைகளின் முகத் தழும்பை மறைத்த கை! பதினேழைப் படமெடுத்த அன்றைக்கும் அது தன்பாட்டுக்கு அந்தப் புருவத்தை ஒட்டவைத்திருந்தது. போதாக்குறைக்கு மூலப்படத்தின் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தார். நோட்டிலும் எழுதவில்லை.

டெல்பின் வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கணினியில் தேடிப் பார்த்தாள். பழைய முகம் எங்கும் இல்லை.

"ஏன் எழுதல?"

"அது ஒரு வேலையாவே தெரியல மேடம். பாக்கிறவங்க மனசு நோகக் கூடாதுன்னு நெனச்சேன், அவ்வளவுதான்."

நோட்டை எடுத்துப் பதினேழாம் எண்ணுக்குரிய பக்கத்தைப் பிரித்தாள். அவர் கையெழுத்தில் 'வெளிச்சம் கூட்டியது' என்று மட்டும் இருந்தது.

"எழுதுங்க."

"எந்தத் தேதி போட?"

"இன்னைக்குத் தேதி."

எழுதினார். 'இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. நான் சேர்த்துவிட்டேன்.' இரண்டு வரி எழுதுவதற்குள் வேர்த்துவிட்டது.

டெல்பின் ஜன்னல் பக்கம் போனாள். எதிரே பஸ் நிறுத்தத்தில் லூர்தம்மாள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

வேதமுத்துவும் பார்த்தார்.

"சந்தோஷமா போகுது மேடம். அந்த மட்டுக்கும் விட்டுருவோமே. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?"

"எத்தனை நாளைக்கு உலை வைப்பா?"

டெல்பின் மேசைக்குத் திரும்பினாள். பதிவேட்டில் லூர்தம்மாளின் கைநாட்டைப் பார்த்தாள். நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"யாரு படிக்கப்போறான்னு கேட்டீங்களே அண்ணாச்சி. அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாது. பஸ் வர்றதுக்குள்ள நீங்கதான் போய் வாசிச்சுச் சொல்லணும்."