ஓடக்காரியின் மூக்கை வளைத்த உளி

கூப்பிட்டால் மலை திரும்பிப் பார்த்த அந்தக் காலத்தில், சந்தனபுரி என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ஊர் அரசருக்குக் கதைப் புத்தகம் என்றால் உயிர். கதை எழுத ஓர் ஆள், அச்சடிக்க ஓர் ஆள், படம் போட வர்ணகேசரி. அந்தப் பட்டம் அரசர் கொடுத்தது. திமிர் அவராகச் சேர்த்துக்கொண்டது.

வர்ணகேசரியிடம் ஒரு மாய உளி இருந்தது, காட்டில் ஒரு யட்சி கொடுத்தது. அதை வைத்து அச்சுக்கட்டையில் முகம் செதுக்கி, கடைசியில் கண் திறக்க வேண்டும். யாருடைய கண்ணைப் பார்த்துத் திறக்கிறாரோ, கட்டையில் இருக்கும் முகம் அவருக்கு வந்துவிடும். ராணியே அவர் முன்னால் உட்கார்ந்து, பத்து வயது குறைந்து எழுந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள், ஆற்றில் ஓடம் தள்ளும் மரகதத்தைக் கூப்பிட்டார்.

"உன் கண்ணு நல்லா இருக்கு. வனதேவதை படம் போடறேன். கொஞ்ச நேரம் உட்காரு."

நம்பி உட்கார்ந்தாள். தேவதையாவது மண்ணாவது! கட்டையில் இருந்தது சூனியக்காரி. திருவிழாப் புத்தகத்துக்கு அவசரமாக ஒரு சூனியக்காரி தேவைப்பட்டாள், உயிருள்ள கண் இருந்தால்தான் படிப்பவர்களுக்குப் பயம் வரும். ராணியிடம் போய் அதைக் கேட்க முடியுமா? ஓடக்காரி என்றால் கேட்கவே வேண்டாம், அப்படித்தானே!

மரகதம் ஆற்றங்கரைக்குப் போவதற்குள் மூக்கு வளைந்தது. துடுப்பை எடுப்பதற்குள் பல் நீண்டது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் முடி சடை சடையாக இடுப்பில் விழுந்தது. ஓடி வந்த மகள் செவந்தி அலறிக்கொண்டு அடுத்த வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள்.

"செவந்தி, அம்மாடி நான்!"

"நீ எங்கம்மா இல்ல! எங்கம்மாவைத் தின்னுட்ட!"

ஊரே கல்லெறிந்திருந்தாலும் மரகதம் பொறுத்திருப்பாள். பெற்ற வயிறு இதைப் பொறுக்குமா? நேரே சித்திரச்சாலைக்குப் போய்க் கதவை உதைத்துத் திறந்தாள்.

"என் முகத்தைக் குடு."

வர்ணகேசரி அசரவில்லை. "பட்டுப்புடவை தரேன். முக்காடு போட்டுக்கோ."

"என் முகத்தைக் குடு."

"காட்டுல ஒரு வீடு கட்டித் தரேன். அங்க உன்னை யாரும் பார்க்க மாட்டாங்க."

"என் முகத்தைக் குடு!"

"கத்தாதே. சந்தையில ஒரு கீரைக்காரக் கிழவி இருக்கா, கேட்க நாதியில்ல. அவ கண்ணைப் பார்த்து மாத்திடறேன். இந்த மூஞ்சி உன்னை விட்டுடும்."

மரகதத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நாதியில்லாதவ மூஞ்சின்னா உனக்கு அவ்வளவு இளப்பமா? சூனியக்காரி வேணும்னா உன் கண்ணைப் பார்த்துச் செதுக்கறதுதானே?"

"ஐயோ, என் முகமா? நாளைக்கு நான் சபைக்குப் போக வேண்டாமா?"

"நான் என் புள்ளைகிட்டப் போக வேண்டாமா?"

அந்த மகா கலைஞர் கட்டையைத் தூக்கிக் காட்டினார். "இந்த மூக்கை இழைச்சா உன் மூக்கும் சரியாகும். ஆனா வெட்டு கட்டையில, வலி உன் உடம்புல. தாங்குவியா நீ?" என்று இளித்தார்.

மரகதம் கட்டையைப் பிடுங்கினாள், உளியையும் பிடுங்கினாள். வளைந்த மூக்கை இழைத்தாள். கண்ணில் நீர் தெறித்தது. "என் மூக்கு!" என்றாள். நீண்ட பல்லைச் சீவினாள். தாடை விண்விண்ணென்று தெறித்தது. "என் பல்!" என்றாள். சடையைச் செதுக்கித் தள்ளினாள். தலையில் நெருப்பைக் கொட்டியது போல் இருந்தது. "என் தலை!" என்றாள். கடைசிச் சில்லு தரையில் விழுந்ததும் மாயம் உடைந்து, அவள் முகம் அவளிடம் வந்து சேர்ந்தது. வர்ணகேசரி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார், மாய உளி அவள் கையை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டது.

கட்டையை அங்கேயே போட்டுவிட்டு மரகதம் வீட்டுக்குப் போனதும், செவந்தி அடுத்த வீட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "எங்க போயிருந்த நீ?" என்று முதுகில் நாலு அடியும் வைத்தாள். அன்று மரகதத்துக்கு அந்த அடி இனித்தது. பிறகு கீரைக்காரக் கிழவியைத் தேடிப்போய், ஒரு சின்னக் கட்டையில் அவள் முகத்தையே, அவள் கேட்டபடி இரண்டு பல் கூடுதலாக வைத்துச் செதுக்கிக் கொடுத்தாள்.

திருவிழா வந்துவிட்டது, வேறு கட்டைக்கு நேரமில்லை. அரசர் அவசரப்படுத்த, மரகதம் திருத்திய கட்டையையே வைத்து அச்சடித்தார்கள். கீழே 'கொடிய சூனியக்காரி' என்று எழுத்து. மேலே வெயிலில் கறுத்த ஓர் ஓடக்காரியின் முகம், கோபத்தோடு நேராகப் பார்க்கிறது.

சந்தனபுரிப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பக்கத்தில் விரல் வைத்துக் கேட்டார்கள்: "இந்த அக்கா என்ன தப்பு பண்ணாங்க?"

அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள்.