கழற்றாத செருப்பு

"எனக்குப் பயமா இருக்கு அம்மை. அதை எடுத்துடுங்க."

பவளாயி இதைச் சொன்னபோது மேடேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. இடுப்பில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

உமையாள் அம்மை குடிசை வாசலில் கறுப்புப் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே எரிமலை புகைந்தது.

"எதைக் கண்டு பயம்?"

பவளாயி மலையைக் காட்டினாள்.

அம்மை திரும்பிப் பார்க்கவில்லை.

பவளாயி சமவெளியில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது மலைச்சரிவில். சாம்பல் விழுந்த மண். உருளைக்கிழங்கு பிள்ளைத்தலை அளவுக்கு விளையும். அந்த ஊரில் மலையைப் பார்த்துப் பயப்படுவது கேவலம்.

மலை இரண்டு தடவை உறுமியது. இரண்டு தடவையும் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடிவாரம் வரை ஓடினாள். இரண்டு தடவையும் ஒன்றும் நடக்கவில்லை.

கிணற்றடியில் பெண்கள் அவளுக்குப் பெயர் வைத்தார்கள். ஓட்டக்காரி. இன்னைக்கு ஓட்டம் எத்தனை மணிக்கு என்று குடத்தைக் கழுவிக்கொண்டே கேட்டார்கள்.

மாமியார் சிரிக்கவில்லை.

"பயத்தை அம்மைகிட்ட விட்டுட்டு வா. முடியலைன்னா பிள்ளையை இங்க விட்டுட்டு உங்க அம்மா வீட்டுக்கு ஓடு."

புருஷன் கிழங்கு மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

அதனால்தான் மேலே வந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மை எழுந்தார்.

"வா. சுத்திப் பார்க்கலாம்."

காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கோ என்று சடையப்பன் சொல்லிக்கொடுத்தார். அம்மையின் பழைய சீடர், சமையலும் அவர்தான். பவளாயி கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். விரலில் தோல் வார் பட்டது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முதலில் புகைப்பிளவுக்குப் போனார்கள். பாறை வெடிப்புகளில் கந்தகம் மஞ்சளாகப் பூத்திருந்தது. கெட்டுப்போன முட்டை நாற்றம். பிள்ளை முகத்தைச் சுளித்துத் தும்மியது.

"மலை மூச்சு விடுது. நீயும்தான் விடுற. உன்னைப் பார்த்து யாராவது ஓடுறாங்களா?"

பவளாயிக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

மறுநாள் வெந்நீர் ஊற்று. சடையப்பன் கிழங்கைத் துணியில் முடிந்து உள்ளே இறக்கினார். பேசிக்கொண்டிருக்கும்போதே வெந்துவிட்டது. உப்புத் தொட்டுத் தின்றார்கள். ஊற்றுநீர் ஓடி ஆறும் இடத்தில் அம்மை காலை நனைத்துக்கொண்டார். செருப்போடு.

"செருப்பு நனையுதே," என்றாள் பவளாயி மெல்ல.

"அம்மைக்குச் செருப்பும் காலும் ஒண்ணுதான்," என்றார் சடையப்பன் பெருமையாக. "எனக்கு அதுவும் கிடையாது. பயம் போன அன்னைக்கே கழற்றி எறிஞ்சுட்டேன்."

அவருடைய பாதங்கள் வெடித்துப் பாறையின் நிறத்துக்கு வந்திருந்தன.

பிறகு ஒரு நாள் அம்மை அவளை உச்சிக்கே கூட்டிப்போனார். விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். கீழே பச்சையாக ஒரு ஏரி. அம்மை ஒரு கல்லை விட்டெறிந்தார். அது விழுந்த சத்தம்கூட வரவில்லை.

"அது உன்னைப் பார்க்குதா?"

"இல்லை."

"பிறகென்ன?"

அன்று திரும்பும்போது மலை உறுமியது. தரை லேசாக ஆடியது. பவளாயி நின்றாள். ஓடவில்லை. பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

சடையப்பனுக்கு ஒரே சந்தோஷம். அம்மை லேசுப்பட்டவங்க இல்லை என்றார். முன்னாடி ஒரு ஊருக்கே பயத்தை எடுத்தவங்க. நான் வர்றதுக்கு முந்தின கதை. அதுக்கப்புறம் அந்த ஊர்லேர்ந்து ஒருத்தர்கூட மறுபடி பயம்னு வந்ததில்லையாம்.

மறுநாள் காலையில் சடையப்பன், உன்னைக் கூட்டிப்போக வரச்சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். சரி என்றாள்.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மை குடிசைக்குள் படுத்தார். பவளாயி பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய செருப்பு வாசலுக்கு வெளியே கிடந்தது. உள்ளே சாமி விளக்கு இருக்கிறது. செருப்போடு நுழைய முடியுமா?

அம்மையின் கால் பாயைத் தாண்டி நீண்டிருந்தது.

தூங்குகிற காலில் செருப்பு.

வார் கணுக்கால் வரை சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. இரண்டு முடிச்சு. வார் பட்ட இடத்தில் தோல் தழும்பாகிக் காய்ப்புக் காய்த்திருந்தது.

பால் குடித்த பிள்ளையை இறக்கிவிட்டாள். அது வாசலுக்குத் தவழ்ந்துபோய்ப் பாறையில் இருந்த குழியில் கூழாங்கல் போட ஆரம்பித்தது. வந்த நாளிலிருந்து அதற்கு அதுதான் விளையாட்டு. வட்டமான குழி. பாறை கெட்டியாக இருக்க, அங்கே மட்டும் குழாய் மாதிரி ஆழமாக இறங்கியிருந்தது.

அம்மை கண் விழித்தார். தன் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் பவளாயியைப் பார்த்தார்.

"கேளு," என்றார்.

"தூங்கும்போதும் ஏன் செருப்பு?"

அம்மை எழுந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஏதோ தளர்ந்தது.

"ஓடுறதுக்கு."

பவளாயி அந்த இரண்டு முடிச்சுகளையும் மறுபடி பார்த்தாள்.

"அப்ப நீங்க எனக்குச் சொன்னதெல்லாம்?"

"பயம் வேண்டாம்னு கேட்ட. கொடுத்தேன். பயமில்லாத ஊர் எனக்கு அரிசி அனுப்புது. சொல் ஊருக்கு. செருப்பு எனக்கு."

"அந்த ஊர்," என்றாள் பவளாயி. "ஒரு ஊருக்கே பயத்தை எடுத்தீங்களாமே. அது எங்க இருக்கு?"

அம்மை வெளியே வந்தார். பிள்ளையின் கையிலிருந்து ஒரு கூழாங்கல்லை வாங்கிக் குழிக்குள் போட்டார். அது விழுந்து அடங்கும் வரை காத்திருந்தார்.

"இது அவங்க ஊர் மந்தையில நாவல் மரம் நின்ன இடம். நெருப்புக் குழம்பு மரத்தைச் சுத்தி வந்து உறைஞ்சுது. மரம் எரிஞ்சு போச்சு. அது நின்ன இடம் மட்டும் இருக்கு."

பவளாயி காலுக்குக் கீழே பார்த்தாள். கறுப்புப் பாறை கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடந்தது. அதன்மேல்தான் இத்தனை நாளும் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க," என்றார் அம்மை. "ஒருத்தருக்கும் பயமில்லை. மலை இறங்கி வந்தப்பவும் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

"நீங்க?"

"நான் ஓட்டக்காரி."

பவளாயி பிள்ளையை வாரி எடுத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அவங்ககிட்ட."

"வந்தவங்க எல்லாரும் என் காலைத் தொட்டாங்க. இந்த வாரைத் தொட்டுத்தான் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. இது எதுக்குன்னு ஒருத்தர்கூட கேட்கலை." அம்மை குழியைப் பார்த்தார். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அதற்குள் சடையப்பன் வந்துவிட்டார். வெறுங்காலோடு, வாயெல்லாம் சிரிப்பாக. வீட்டிலிருந்து ஆள் வந்தாச்சு, மேற்குப் பாதையில் நிற்கிறார்கள் என்றார். மாமியாரே வந்திருக்கிறார்களாம். தேங்காய் பழத்தோடு.

"அம்மை காலைத் தொட்டுக் கும்பிட்டுக் கிளம்பு தாயி."

பவளாயி குனிந்தாள்.

தன் செருப்பை எடுத்து மாட்டினாள். வாரை இறுக்கினாள். இரண்டு முடிச்சு போட்டாள். பிள்ளையை முந்தானையால் முதுகோடு கட்டிக்கொண்டாள்.

கிழக்குப் பக்கம் ஆடு இறங்கும் தடம் ஒன்று இருந்தது. அது சமவெளிக்குப் போகிறது. அதில் கால் வைத்தாள்.

"அந்தப் பக்கம் இல்லை தாயி," என்றார் சடையப்பன். "ஏன், பயம் போயிருச்சு இல்ல?"

"இருக்கு," என்றாள். "பத்திரமா இருக்கு."